பொம்மையைத் திருத்தும் முன்: அங்கன்வாடிப் பயிற்சியை வடிவமைப்போருக்கு ஒரு திறந்த மடல்

அங்கன்வாடிப் பணியாளர்களுக்கான முன்பருவக் கல்விப் பயிற்சியைத் திட்டமிடும் அலுவலர்களுக்கும், அதை நடத்தும் பயிற்றுநர்களுக்கும்,

வணக்கம்.

வளர்ச்சிக் குறைபாடுள்ள, பள்ளி வயதை எட்டாத குழந்தைகளுக்குச் சிறப்பாசிரியராகப் பணிபுரிபவர் என்ற முறையில் இம்மடலை எழுதுகிறேன். புதிய பதிவேடு ஒன்றைச் சேர்க்கச் சொல்லியோ, பாடத்திட்டத்தை மாற்றச் சொல்லியோ எழுதவில்லை. இருக்கிற பதிவேடுகளையும் செல்பேசிச் செயலியையும் நிரப்பி முடிப்பதற்குள்ளேயே பல மையங்களில் பணியாளரின் முற்பகல் கழிந்துவிடுகிறது என்பது எனக்குத் தெரியும். நான் கேட்பது ஒன்றுதான். நீங்கள் நடத்தும் பயிற்சியில் அரை நாளை ஒதுக்கி, ஒரு குழந்தை தன் கையில் கிடைத்த பொருளை வைத்துக்கொண்டு என்ன செய்கிறது என்பதை உற்றுப் பார்க்கவும், பார்த்ததைக் கொண்டு அந்தக் குழந்தையோடு எப்படிச் சேர்ந்து விளையாடலாம் என்று முடிவெடுக்கவும் பணியாளர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். இன்னும் பேசத் தொடங்காத ஒரு குழந்தை எதையெல்லாம் புரிந்துவைத்திருக்கிறது என்பதற்கு, பெரும்பாலும் அதன் கைகளிலிருந்துதான் நமக்குச் சான்று கிடைக்கிறது.

இதை மருத்துவமனைகளிடம் கேட்காமல் அங்கன்வாடியிடம் கேட்பதற்குக் காரணம் உண்டு. 2013-ல் தொடங்கப்பட்ட தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் நடமாடும் மருத்துவக் குழு ஆண்டுக்கு இருமுறை மையத்துக்கு வந்து குழந்தைகளைப் பரிசோதிக்க வேண்டும். வளர்ச்சித் தாமதம் இருப்பதாகத் தோன்றினால் குறைபாட்டைத் தொடக்கத்திலேயே கண்டு சிகிச்சையும் பயிற்சியும் தரும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்துக்கு அனுப்ப வேண்டும். ஏற்பாடு நல்லதுதான். ஆனால் புதியவர்கள் நான்கு பேர் சூழ்ந்து நிற்க, எடை பார்க்கும் கருவிக்கு அருகில் அழுதுகொண்டிருக்கும் இரண்டு வயதுக் குழந்தை அந்தச் சில நிமிடங்களில் தன் விளையாட்டைக் காட்டிவிடுவதில்லை. பணியாளரும் உதவியாளரும் அதே குழந்தையை நாள்தோறும் மணிக்கணக்கில் பார்க்கிறார்கள். 2018-ல் வெளியான, இந்தியாவின் ஐந்து இடங்களில் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு, 2 வயது முதல் 6 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 9 பேருக்கு ஏதேனும் ஒரு நரம்புசார் வளர்ச்சிக் குறைபாடு இருப்பதாகக் கண்டது. ஆட்டிசம் (மற்றவர்களோடு பழகுவதும் தொடர்புகொள்வதும் கடினமாக இருக்கும் வளர்ச்சி நிலை), அறிவுசார் குறைபாடு, மூளை முடக்குவாதம் (மூளைப் பாதிப்பால் உடல் அசைவு கட்டுக்குள் வராத நிலை) போன்றவற்றோடு பார்வை, செவித்திறன் குறைபாடுகளும் வலிப்பு நோயும் அந்தக் கணக்கில் அடங்கும். இருபது குழந்தைகள் வரும் மையம் ஒன்றில் அப்படி ஒருவரோ இருவரோ இருக்கக்கூடும் என்றுதான் இதற்குப் பொருள். ஆகவே இது எங்கோ சில மையங்களுக்கு மட்டும் உரிய சிறப்புப் பயிற்சி அல்ல.

விளையாட்டு எந்த வரிசையில் வளர்கிறது என்பது பணியாளர்களுக்கு ஓரளவு தெரிந்ததுதான். நான்கு பிள்ளைகளைத் தூக்கி வளர்த்த பாட்டிக்கும் தெரியும். ஆறு மாதக் குழந்தையிடம் எதைக் கொடுத்தாலும் வாய்க்குப் போகும், அல்லது தரையில் தட்டப்படும். ஒரு வயதை நெருங்கும்போது ஒரு பொருளை இன்னொன்றோடு சேர்த்துப் பார்க்கத் தொடங்கும்: டப்பாவுக்குள் கரண்டியைப் போடும், எடுக்கும், மூடியைப் பாத்திரத்தின்மேல் வைத்துப் பார்க்கும். அதைத் தாண்டியதும் சீப்பைத் தலைக்கும் செல்பேசியைக் காதுக்கும் கொண்டுபோகும். ஒன்றரை வயதிலிருந்து இரண்டு வயதுக்குள் பாவனை எட்டிப்பார்க்கும். காலிச் சொப்பிலிருந்து காபி குடிக்கும், மரப்பாச்சிக்குச் சோறூட்டும். பிறகு ஒரு மரக்கட்டையே பேருந்தாகும், தோசைக் கரண்டியும் ஆகும். இந்த வரிசையை உளவியலாளர் ழான் பியாஜே தம் சொந்தக் குழந்தைகள் மூவரைக் கவனித்து எழுதிய குறிப்புகளிலிருந்து 1945-ல் விரிவாக வகுத்தார். சுவிட்சர்லாந்தில் ஒரு பேராசிரியர் வீட்டுக் குழந்தைகள் அவர்கள் என்பதை மறந்துவிடாமல் மாதக் கணக்கைச் சற்று நெகிழ்வாகவே கொள்ள வேண்டும். ஆனால் வரிசை பெரிதும் நிலைத்திருக்கிறது. வளர்ச்சிக் குறைபாடுள்ள குழந்தைகள் இந்த வரிசைக்கு வெளியே நிற்பவர்கள் அல்லர். சிலர் ஒரு படியில் நெடுநாள் தங்குகிறார்கள், சிலர் ஒரு படியின் ஒரு மூலையை மட்டும் ஆழமாகத் தோண்டிக்கொண்டிருக்கிறார்கள், சிலருக்கு அடுத்த படி மனத்தில் ஏறியிருந்தும் கை ஒத்துழைப்பதில்லை. இந்த மூன்றையும் பிரித்தறியப் பழகுவதுதான் நான் கேட்கும் அரை நாளின் வேலை.

ஆட்டிசமுள்ள ஒரு மூன்று வயதுச் சிறுவனை எடுத்துக்கொள்வோம். கையில் பிளாஸ்டிக் கார். அவன் அதைத் தரையில் ஓட்டுவதில்லை. தலைகீழாகப் பிடித்து, பின்சக்கரம் ஒன்றை ஆள்காட்டி விரலால் தட்டிச் சுழலவிட்டு, முகத்தைச் சற்றுத் திருப்பிக் கடைக்கண்ணால் பார்க்கிறான். வேகம் குறைந்து சக்கரத்தின் ஆரங்கள் தனித்தனியே தெரியத் தொடங்கும்போது மறுபடி தட்டுகிறான். நான்கு சக்கரங்களில் ஒன்று இறுகிப்போயிருக்கிறது. அதை ஒருமுறை தொட்டுப் பார்த்தவன் பிறகு தொடுவதே இல்லை. பத்து நிமிடம் இது தொடர்ந்தால், அறையில் இருக்கும் பெரியவர்களில் ஒருவராவது வந்து காரைத் திருப்பித் தரையில் வைத்து, “இப்படி ஓட்டணும்டா கண்ணா, டுர்ர்ர்” என்று சொல்லிக்கொடுப்பார். அவன் எழுந்து போய்விடுவான், அல்லது கத்துவான். குறிப்பேட்டில் “விளையாட்டில் ஆர்வமில்லை” என்று ஏறும்.

நடந்தது அதற்கு நேர்மாறானது. சக்கரங்களை ஒப்பிட்டவன், சுழலாததைக் கண்டறிந்து ஒதுக்கியவன், ஒரே செயலின் விளைவைத் திரும்பத் திரும்பச் சோதித்தவன் அவன். இந்த ஈடுபாடு மருத்துவ உலகுக்குப் புதியதும் அல்ல. குழந்தை மனநல மருத்துவர் லியோ கானர் 1943-ல் 11 குழந்தைகளைப் பற்றி எழுதி ஆட்டிசத்தை முதன்முதலாக விரிவாக விவரித்த கட்டுரையில், முதலாவதாக வரும் டொனால்ட் என்ற சிறுவன் கட்டைகளையும் தட்டுகளையும் உருண்டையான எதையும் தரையில் சுழலவிட்டு மகிழ்ந்ததைக் குறித்திருக்கிறார். இந்தக் குழந்தைகளுக்குப் பொருள்களோடு நல்ல உறவு இருக்கிறது, மனிதர்களோடுதான் உறவு கடினமாக இருக்கிறது என்பது அவர் கண்ட முக்கியமான வேறுபாடு. எண்பது ஆண்டுகளுக்கும் மேலாகியும் நம் மையங்களில் முதல் பாதியை விட்டுவிட்டு இரண்டாம் பாதியை மட்டுமே பிடித்துக்கொண்டிருக்கிறோம். பொருளோடு இருக்கும் அந்த உறவு, மனிதர்கள் உள்ளே வருவதற்கான வாசலாக ஆகக்கூடும் என்று பணியாளருக்கு யாரும் சொல்லித் தருவதில்லை.

சுழற்றுதல், அடுக்குதல், கண்ணுக்கு மிக அருகில் வைத்துப் பார்த்தல் ஆகியவை மிக இளம் வயதிலேயே தெரியவரலாம். அமெரிக்காவில் சாலி ஓசனாஃப் குழுவினர் 2008-ல் வெளியிட்ட ஆய்வில் 66 குழந்தைகள் 12 மாத வயதில் பொருள்களை எப்படிக் கையாள்கிறார்கள் என்று வீடியோவில் பதிந்து வைத்தார்கள். அவர்களில் பிற்பாடு ஆட்டிசம் உறுதிசெய்யப்பட்ட குழந்தைகள் பொருள்களைச் சுழற்றுவதையும் திருப்புவதையும் வித்தியாசமான கோணங்களில் பார்ப்பதையும் மற்றவர்களைவிட அதிகம் செய்திருந்தார்கள். இதைப் படித்துவிட்டு, செருப்புகளை வரிசையாக அடுக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் முத்திரை குத்தக் கிளம்புவதும் ஆபத்துதான். இரண்டு வயதில் பல குழந்தைகள் அடுக்கும், கலைத்தால் அழும், பிறகு தானாகவே அதை மறந்துவிடும். பார்க்க வேண்டியது அடுக்குவதை மட்டுமல்ல. அதைத் தவிர வேறு விளையாட்டு இருக்கிறதா, நாளாக ஆக அதில் புதிதாக ஏதேனும் சேர்கிறதா, எல்லாவற்றுக்கும் மேலாக, குழந்தை அந்தப் பொருளிலிருந்து கண்ணை எடுத்து நம்மைப் பார்க்கிறதா என்பவற்றைப் பார்க்க வேண்டும்.

கடைசியாகச் சொன்னது சற்று விளக்கமாகச் சொல்லத்தக்கது. வழக்கமான வளர்ச்சியுள்ள ஒரு குழந்தை பந்து உருண்டு மேசைக்கு அடியில் போனதும் அம்மாவைப் பார்க்கும். பார்த்துவிட்டு மறுபடி பந்தைப் பார்க்கும். எடுத்துத் தரச் சொல்லி மட்டுமல்ல, “பார்த்தாயா?” என்று பகிர்ந்துகொள்ளவும் அப்படிப் பார்க்கும். ஆட்டிசத்தின் அறிகுறிகளைத் தொடக்கத்திலேயே கண்டறிய உலகெங்கும் பல மொழிகளில் பயன்படுத்தப்படும் எம்-சாட் வினாநிரலின் திருத்திய வடிவம், 16 முதல் 30 மாதம் வரையான குழந்தைகளுக்கானது. 20 கேள்விகள் கொண்டது. அதில் ஒரு கேள்வி பாவனை விளையாட்டைப் பற்றியது: காலிக் குவளையிலிருந்து குடிப்பதுபோலவோ பொம்மைக்கு ஊட்டுவதுபோலவோ குழந்தை செய்கிறதா? இன்னொன்று, உதவிக்காக அல்லாமல் வெறுமனே காட்டுவதற்காகவே குழந்தை பொருள்களைக் கொண்டுவந்து உங்களிடம் நீட்டுகிறதா என்று கேட்கிறது. என் அனுபவத்தில், முதல் கேள்விக்குப் பெற்றோர் எளிதாகப் பதில் சொல்லிவிடுகிறார்கள். இரண்டாவதைக் கேட்டதும் யோசிக்கிறார்கள். “பிஸ்கட் பாக்கெட்டைக் கொண்டுவந்து தருவான், பிரிச்சுக் கொடுக்கச் சொல்லி” என்பார்கள். அது கேட்பது, காட்டுவது அல்ல. இந்த வேறுபாட்டை ஒரு முறை வீடியோவில் கண்டுவிட்ட பணியாளர் பிறகு தவறவிடமாட்டார்.

ஒரே செயலுக்குப் பல காரணங்கள் இருக்கலாம் என்பதையும் அந்த அரை நாளில் அழுத்திச் சொல்ல வேண்டும். பொம்மையைக் கண்ணருகே வைத்துப் பார்க்கும் குழந்தைக்குப் பார்வைக் குறைபாடு இருக்கலாம்; ஓசை எழுப்பும் பொம்மையைப் பல்லிலும் கன்னத்திலும் வைத்து அதிர்வை உணரும் குழந்தைக்குச் செவித்திறன் குறைவாக இருக்கலாம். கண்ணையும் காதையும் பரிசோதிக்காமல் வேறு எந்தப் பெயரையும் பேச்சில்கூட எடுக்கக் கூடாது. சொப்பு சாமானையோ கட்டைகளையோ அதுவரை தொட்டுக்கூடப் பார்க்காத, நாள் முழுவதும் செல்பேசித் திரையோடு வளர்ந்த குழந்தைக்கு முதல் சில வாரங்கள் அவற்றை என்ன செய்வதென்றே தெரியாமல் இருக்கலாம். அந்தக் குழந்தைக்கு வாய்ப்புக் கொடுத்தபின் என்ன நடக்கிறது என்பதைத்தான் கணக்கில் கொள்ள வேண்டும்.

எனினும், ஒரு நிலையில் மட்டும் காத்திருக்கவே கூடாது. ஏற்கெனவே கையால் எடுத்து, பிடித்து, விளையாடிக்கொண்டிருந்த ஒரு குழந்தை படிப்படியாக அதை விட்டுவிட்டால், அடுத்த மருத்துவ முகாம் வரை நாள் பார்க்காமல் உடனே மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். ரெட் சிண்ட்ரோம் என்னும் அரிய மரபணுக் கோளாறில், பெரும்பாலும் பெண் குழந்தைகளிடம், இப்படித்தான் நடக்கிறது: கிலுகிலுப்பையைப் பிடித்த கை அதை விட்டுவிட்டு, மார்புக்கு நேரே மற்றக் கையோடு சேர்ந்து ஓயாமல் பிசையத் தொடங்குகிறது. வலிப்பு உட்பட வேறு காரணங்களும் இருக்கலாம். எதுவானாலும், இருந்த திறன் போவதும் இன்னும் வராத திறனும் ஒன்றல்ல.

பிறவியிலேயே உள்ள குரோமோசோம் மாறுபாடான டவுன் சிண்ட்ரோம் உள்ள குழந்தைகளின் விளையாட்டு வேறு விதம். வரிசை பெரும்பாலும் மாறுவதில்லை, வேகம்தான் குறைவு. தசைத் தளர்ச்சியும் குட்டை விரல்களும் இருப்பதால் சிறு பொருளைப் பிடித்து நிறுத்துவதே அவர்களுக்கு வேலை. வாயில் வைத்துப் பார்ப்பதும் எறிந்து பார்ப்பதும் மற்றக் குழந்தைகளைவிட நீண்டகாலம் தொடரும். மூன்று வயதில் பொம்மைகளை எறிந்துகொண்டே இருக்கும் சிறுமியை “முரடு” என்கிறார்கள். அவளுக்கு அந்த எறிதலே விளையாட்டு. எங்கே விழுகிறது, என்ன சத்தம் வருகிறது என்று பார்க்கிறாள். ஓர் அலுமினியக் குண்டானை எதிரே வைத்து, எறிவதை அதற்குள் போடவைத்தால், அதே கை அசைவு ‘போடுதல், எடுத்தல்’ என்ற அடுத்த படிக்கு வந்துவிடும். இந்தக் குழந்தைகளில் பலர் நம் முகத்தைப் பார்த்துச் சிரித்து நம்மை வசப்படுத்திவிடுவார்கள். கடினமான வேலை வரும்போது அந்தச் சிரிப்பே தப்பிக்கும் வழியாகவும் அமையும் என்று ஆய்வாளர்கள் குறித்திருக்கிறார்கள். சிரிப்பில் மயங்கி நாமே மூடியைத் திறந்து கொடுத்துவிடுகிறோம்.

மூளை முடக்குவாதமுள்ள குழந்தைக்கு, விளையாட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் உட்காருவதைப் பற்றிப் பேச வேண்டும். முதுகுக்கும் இடுப்புக்கும் தாங்கல் இல்லாமல் தரையில் சாய்த்து வைக்கப்பட்ட குழந்தையின் முழு முயற்சியும் விழாமல் இருப்பதிலேயே செலவாகிறது. பொம்மைக்குக் கை மிஞ்சுவதில்லை. மூலையில் சுவரோடு சேர்த்து, கால்களை அகட்டி, பக்கத்தில் சுருட்டிய போர்வை வைத்து உட்காரவைத்தாலே பல குழந்தைகளுக்குக் கை விடுபடும். தட்டுக்குக் கீழே ஈரத்துணி விரித்தால் பொருள் வழுக்காது. பொம்மையைக் கயிற்றில் கட்டி மணையோடு இணைத்தால், தவறி விழுந்ததைக் குழந்தையே இழுத்து எடுத்துக்கொள்ளும். பிடித்த பொருளை விட முடியாமல் விரல் இறுகிக்கொள்ளும் குழந்தையிடம் “விடு, விடு” என்று சொல்வதும் விரல்களைப் பிரிப்பதும் இறுக்கத்தைக் கூட்டத்தான் செய்யும். மணிக்கட்டை மெல்ல உள்ளே மடக்கினால் விரல்கள் தளரும். கையால் செய்ய முடியாத குழந்தை கண்ணால் தேர்ந்தெடுக்கும் என்பதும் பலருக்குத் தெரியாது. இரண்டு பொருள்களைத் தள்ளித் தள்ளிப் பிடித்துக் காட்டி, எதைப் பார்க்கிறதோ அதை வைத்து விளையாட்டைத் தொடங்கலாம். சமையல் விளையாட்டில் எந்தக் காய் முதலில் சட்டிக்குப் போக வேண்டும் என்று இப்படிக் கண்ணாலேயே சொல்லும் ஒரு குழந்தைக்குப் பாவனை விளையாட்டு வரவில்லை என்று எழுதினால் அது பொய்யான பதிவு.

சேர்ந்து விளையாடுவது எப்படி என்பதற்கு வருகிறேன். முதலில் சொன்ன சிறுவனிடமே போவோம். பணியாளர் இன்னொரு காரை எடுத்துக்கொண்டு, எதிரே அல்லாமல் சற்றுப் பக்கவாட்டில், அவன் கண் மட்டத்தில் உட்காருகிறார். தானும் காரைக் கவிழ்த்து ஒரு சக்கரத்தைச் சுழற்றுகிறார். எதுவும் கேட்பதில்லை, “இது என்ன கலர்?” என்ற கேள்வி வருவதே இல்லை. சக்கரம் சுழலும்போது “சுத்துது, சுத்துது” என்கிறார், நின்றதும் “நின்னுபோச்சு” என்கிறார். சில நாள்களில் பையன் அவருடைய சக்கரத்தைப் பார்க்கிறான். பிறகு ஒரு நாள் தன் இறுகிய சக்கரத்தை அவர் பக்கம் நீட்டலாம். அதுவரை ஒரு முறைகூடக் காட்டாத குழந்தை காட்டிய முதல் பொருள் அதுவாக இருக்கும். அதன்பின் காகிதத் தட்டைச் சுழற்றலாம், பம்பரம் விடலாம், ஒரு சரிவுப் பலகையை வைத்து அந்தக் காரை மேலிருந்து விடலாம். சரிவில் இறங்கும் கார், சக்கரம் சுழல்வதால்தான் ஓடுகிறது என்பதை அவன் கண்டுகொள்ளும் நாளில், “டுர்ர்ர்” என்று ஓட்டச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தத் தேவையிருக்காது. எல்லாக் குழந்தையும் இப்படிப் படிப்படியாக வந்துவிடும் என்று உறுதி தர என்னால் முடியாது; சிலர் சுழற்றுவதிலேயே இருப்பார்கள். ஆனால் அவர்களும் அதை இன்னொருவரோடு சேர்ந்து செய்யக் கற்றுக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன்.

இதற்கு ஆய்வுகளின் துணையும் உண்டு. ஆட்டிசமுள்ள குழந்தைகள் தாமாகப் பாவனை விளையாட்டைத் தொடங்குவது குறைவாக இருந்தாலும், பொருளைக் கொடுத்து, சிறு தூண்டுதலும் கொடுத்தால் செய்யக்கூடியவர்கள் என்பதை இங்கிலாந்தில் விக்கி லூயிஸும் ஜில் பௌச்சரும் 1988-லேயே காட்டினார்கள். கோனி கசாரி குழுவினர் 2006-ல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசமுள்ள 3, 4 வயதுக் குழந்தைகள் 58 பேரில் ஒரு பகுதியினருக்கு நாள்தோறும் அரை மணி நேரம், சில வாரங்கள் மட்டும் பாவனை விளையாட்டிலோ கவனப் பகிர்விலோ (இன்னொருவரோடு சேர்ந்து ஒரே பொருளைக் கவனிப்பதிலோ) பயிற்சி தந்தபோது, பயிற்சி பெறாதவர்களைவிடத் தெளிவான முன்னேற்றம் இருந்தது. இவையெல்லாம் தேர்ந்த நிபுணர்கள் செய்தவை, நம் பணியாளர்களால் ஆகுமா என்ற ஐயம் உங்களுக்கு எழும். அதற்கும் அருகிலேயே பதில் இருக்கிறது. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் ஆட்டிசமுள்ள 65 குழந்தைகளின் குடும்பங்களைக் கொண்டு நடத்தி, 2016-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றில், இத்துறையில் சிறப்புப் பட்டம் ஏதும் இல்லாத சுகாதாரப் பணியாளர்களே 12 அமர்வுகளை நடத்தினார்கள். தாயோ தந்தையோ குழந்தையுடன் விளையாடுவதை வீடியோ எடுத்து, அவர்களுடனேயே உட்கார்ந்து பார்த்து, குழந்தையின் கவனம் எங்கே இருந்தது, பெற்றோர் அதைப் பின்தொடர்ந்தார்களா என்று பேசினார்கள். பெற்றோர் குழந்தையின் கவனத்தைப் பின்தொடர்வது கூடியது. குழந்தை தானாக முன்வந்து தொடர்புகொள்வதும் கூடியது. இருவரும் சேர்ந்து ஒன்றில் கவனம் வைத்திருந்த நேரம் மட்டும் குறைந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எல்லாம் மாறிவிடும் என்று விளம்பரப்படுத்தும் தனியார் மையங்களைப்போல நாமும் பேசத் தேவையில்லை.

பொம்மைகளைப் பற்றியும் சில சொற்கள். நான் போய்ப் பார்த்த மையங்கள் சிலவற்றில் விளையாட்டுப் பொருள்கள் பீரோவுக்குள் பூட்டியிருந்தன; உடைந்தால் இருப்புப் பதிவேட்டில் கணக்குச் சொல்ல வேண்டும் என்ற அச்சமே காரணம். பணியாளரைக் குறை சொல்ல மாட்டேன். உடைந்த பொம்மைக்கு அவர் தன் சம்பளத்திலிருந்து ஈடுகட்ட வேண்டியதில்லை என்று பயிற்சியிலேயே, முடிந்தால் எழுத்திலேயே, சொல்லிவிட்டால் பாதிப் பூட்டுகள் திறந்துவிடும். பொருள் என்றதும் விலை கொடுத்து வாங்கும் தொகுப்புகளையே நினைக்கவும் வேண்டாம். மூடியுள்ள எவர்சில்வர் டப்பாக்கள், தேங்காய்ச் சிரட்டை, மரக் கரண்டி, பழைய சீப்பு, துணிப்பை, கொட்டாங்குச்சி அளவிலான சொப்புகள், ஓலைக் கிலுகிலுப்பை என்று வீட்டில் உள்ளவற்றைக் கொண்டே பெரும்பகுதி நடக்கும். வீட்டிலும் அதே பொருள் இருப்பதால் தாயும் அதைத் தொடரலாம். ஜமைக்காவின் கிங்ஸ்டன் நகரில் சாலி கிரந்தம்-மெக்ரிகர் 1980-களில் தொடங்கிய ஆய்வு இதற்கு நல்ல சான்று. வளர்ச்சி குன்றிய 129 சிறு குழந்தைகளில் ஒரு பகுதியினரின் வீடுகளுக்குச் சமூக சுகாதாரப் பணியாளர்கள் வாரந்தோறும் சென்று, வீணாகும் பொருள்களால் செய்த பொம்மைகளைக் கொண்டு தாய்மாருக்கு விளையாடக் கற்றுக்கொடுத்தார்கள். இருபது ஆண்டுகளுக்குப் பின் அக்குழந்தைகள் ஈட்டிய வருமானம் மற்றவர்களைவிட 25 விழுக்காடு அதிகமாக இருந்ததாக 2014-ல் அறிவிக்கப்பட்டது. அவர்கள் ஊட்டக் குறைவால் உயரம் குன்றியவர்கள், குறைபாடு கண்டறியப்பட்டவர்கள் அல்லர். ஆனாலும் எளிய பொருளும் உடன் விளையாடும் ஒரு பெரியவரும் என்ற சேர்க்கையின் வலு அதில் தெரிகிறது.

பாதுகாப்பில் மட்டும் தளர்வு கூடாது. மற்றக் குழந்தைகள் வாயில் வைப்பதை விட்டுவிட்ட வயதிலும் இக்குழந்தைகள் வைப்பார்கள். எனவே புளியங்கொட்டை, மணி, பல்லாங்குழிச் சோழி ஆகியவை பெட்டியில் எழுதியுள்ள வயதை நம்பி அல்லாமல் குழந்தையின் பழக்கத்தைப் பார்த்தே வெளியே வர வேண்டும். ஒளிரும் பொம்மைகளில் இருக்கும் பொத்தான் பேட்டரி விழுங்கப்பட்டால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயைப் புண்ணாக்கிவிடும். கடையில் வாங்குவதானால், 2021 ஜனவரி முதல் கட்டாயமாக்கப்பட்டிருக்கும் ஐஎஸ்ஐ முத்திரை உள்ளதா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

பயிற்சியில் விரிவுரை வேண்டாம்; வீடியோக்களைக் காட்டுங்கள். ஐந்து நிமிட வீடியோவை ஒலியின்றி ஓடவிட்டு, குழந்தை என்ன செய்தது என்பதை மட்டும் ஒவ்வொருவரும் ஓரிரு வரிகளில் எழுதட்டும். “கவனமில்லை”, “பிடிவாதம்”, “மந்தம்” போன்ற சொற்கள் வந்தால் அவை பார்த்தவையா, முடிவு கட்டியவையா என்று கேட்டு அடித்துவிடச் சொல்லுங்கள். பிறகு அதே வீடியோவை மறுபடி போட்டு, குழந்தை யாரையாவது எப்போது பார்த்தது என்று தேடச் சொல்லுங்கள். இப்படி எழுதிப் பழகியவரின் ஒரு வரி, “மூடியைத் திறக்கிறாள், மூடத் தெரியவில்லை, திறந்ததும் ஆயாம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்” என்பதுபோன்ற ஒரு வரி, இடையீட்டு மையத்தில் எங்களுக்கு எத்தனையோ ‘ஆம் / இல்லை’ கட்டங்களைவிடப் பயன்படும். இதற்கெனத் தனிப் படிவம் வேண்டாம். எடையும் உயரமும் எழுதும் பக்கத்தின் ஓரமே போதும்.

தாயிடம் எப்படிச் சொல்வது என்பதையும் நடித்துப் பார்க்க வேண்டும். “உங்க பையனுக்கு ஆட்டிசம் மாதிரி இருக்கு” என்று பணியாளர் சொல்லக் கூடாது. சொல்ல அவருக்குத் தகுதியும் இல்லை, அந்தச் சொல்லைக் கேட்ட தாய் மறுநாள் குழந்தையை அனுப்பமாட்டார். “ஒண்ணும் இல்லக்கா, பையன்னா லேட்டாத்தான் பேசுவான்” என்று ஆறுதல் சொல்லி அனுப்புவதும் அதே அளவு தீங்கு. “அவன் காரை வச்சு ரொம்ப நேரம் விளையாடுறான்க்கா, சக்கரத்த சுத்தவிட்டு நல்லா கவனிக்கிறான். ஆனா கூப்பிட்டா திரும்புறதில்ல, எதையும் கொண்டுவந்து காட்டுறதும் இல்ல. காதையும் கண்ணையும் ஒருதரம் பாத்துட்டு, அப்படியே குழந்தை வளர்ச்சி டாக்டர்கிட்டயும் காட்டலாம். வீட்ல எப்படி விளையாடுறான்?” என்று தொடங்கலாம். குழந்தை செய்வதை முதலில் சொல்லி, செய்யாததை அடுத்துச் சொல்லி, தாய்க்குத் தெரிந்ததைக் கேட்பது என்ற இந்த ஒழுங்கு பயிற்சியில் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால்தான் பழகும். அனுப்பும் இடம் எது, எந்தக் கிழமை, யாரைப் பார்க்க வேண்டும் என்ற விவரம் அந்தந்த வட்டாரத்துக்கு ஏற்ப ஒரு தாளில் பணியாளர் கையில் இருக்க வேண்டும். “ஜிஎச்ல போய்க் கேளுங்க” என்று சொல்லி அனுப்பப்பட்ட தாய், கூலி ஒரு நாள் போய், வரிசையில் நின்று, தவறான அறைக்குப் போய்த் திரும்பிவந்தால் இரண்டாம் முறை போகமாட்டார்.

வீடியோக்களுக்கு வெளிநாட்டுத் தொகுப்புகளை நாட வேண்டாம். நம் மையங்களின் சிமெண்டுத் தரையும் பாயும் சொப்பும் தெரியும் காட்சிகளே பணியாளருக்கு உடனே புரியும். எங்களைப் போன்ற இடையீட்டு மையங்களில் பெற்றோர் பலர் இதற்கு மனமுவந்து இசைவார்கள். ஆனால் இசைவு எழுத்தில் பெறப்பட வேண்டும், குழந்தையின் பெயரும் ஊரும் வெளிவரக் கூடாது, பயிற்சி முடிந்தபின் அந்தக் கோப்பு எந்தப் பணியாளரின் வாட்ஸப் குழுவிலும் பகிரப்படக் கூடாது. இந்த மூன்றுக்கும் நீங்கள் பொறுப்பேற்பதானால், காட்சிகளைத் தேர்ந்தெடுப்பதிலும் முதல் சில பயிற்சிகளை உடனிருந்து நடத்துவதிலும் ஊதியமின்றி உதவ, என்னோடு பணிபுரியும் சிறப்பாசிரியர்களும் சிகிச்சையாளர்களும் ஆயத்தமாக இருக்கிறோம். வட்டார அளவில் ஒரு பயிற்சிக்கு நாள் குறித்துச் சொன்னால் போதும்.

இப்படிக்கு,
ஆரம்பநிலை இடையீட்டுப் பணியிலுள்ள ஒரு சிறப்பாசிரியர்